சிஎஃப்ஐஆர், ரீ-எய்ம் இதெல்லாம் நம்ம ஊர் மலேரியா வாலண்டியர் திட்டத்துக்கு ஒத்து வருமா?

மோல்மீன்_மல்லி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், கரண்ட் போறதுக்குள்ள அடிச்சு முடிச்சிடணும்னு அவசரமா எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

நான் மோன் ஸ்டேட்ல ஒரு என்ஜிஓவுல டேட்டா வேலை பாக்குறேன். மலேரியா வாலண்டியர் திட்டம், உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சதுதான். ஊருக்கு ஒருத்தர், காய்ச்சல்னு யார் வந்தாலும் விரல்ல குத்தி ஆர்டிடி, அதாவது உடனே முடிவு தெரியுற மலேரியா டெஸ்ட், போட்டுப் பாக்கணும், மலேரியா இருந்தா மருந்து, இல்லைன்னா ஹெல்த் சென்டருக்கு அனுப்பணும், மாசக் கடைசியில ரிஜிஸ்டர் தாள் எங்க ஆபீசுக்கு வந்துடும். நல்லா ஓடிக்கிட்டிருந்த திட்டம். 2012-ல இருந்து 2020 வரைக்கும் பர்மா முழுக்க மலேரியா மளமளன்னு கொறஞ்சுச்சு, 2021-க்கு அப்புறம் திரும்ப ஏறிடுச்சு, ஏன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எங்க ஏரியாவுல புதிரே என்னன்னா, பாசிட்டிவ் கூடுது, ஆனா பல ஊர்ல டெஸ்ட் போடுற எண்ணிக்கை கொறையுது. ரப்பர் தோட்டம் இருக்கிற ஊர்லதான் ரொம்ப மோசம்.

இப்ப புது ஃபண்டுக்கு ப்ரொபோசல் எழுதணும். இம்ப்ளிமென்டேஷன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க், அதாவது ஒரு திட்டம் களத்துல எப்படி நடக்குதுன்னு ஆராயுற சட்டகம், எதைப் பயன்படுத்தப் போறீங்கன்னு கேட்டு ஒரு பகுதியே வச்சிருக்காங்க. ஆபீஸ்ல மேல இருக்கிறவங்க சிஎஃப்ஐஆர் போடுன்னு சொல்லிட்டாங்க. நான் ஆன்லைன்ல எம்பிஹெச் படிக்கிறேன், அங்க கைடு ரீ-எய்ம்தான் சரிங்கிறார். ரெண்டையும் உக்காந்து படிச்சேன். சிஎஃப்ஐஆர்ல 5 டொமைன், அதாவது பெரிய தலைப்பு, அதுக்குள்ள 39 கன்ஸ்ட்ரக்ட், அதாவது ஒவ்வொண்ணாப் பாக்க வேண்டிய விஷயம். அதுக்கான பேட்டிக் கேள்விகளைப் பாத்தா, உங்க நிறுவனத்துத் தலைமை இந்த மாற்றத்துல எவ்வளவு ஈடுபாடு காட்டுதுங்கிற மாதிரி போகுது. நம்ம வாலண்டியர் ஒரு அக்கா, வெத்தலைக் கடை வச்சிருக்காங்க. கடைப் பலகைக்குக் கீழதான் கிட் பெட்டி இருக்கு, சுண்ணாம்பு டப்பாவை ஒட்டி, குத்தின ஊசியைப் போட்டு வைக்கிற சேஃப்டி பாக்ஸ், வெத்தலை மடிக்கிற கைய வேட்டித்துணியில தொடச்சிட்டு ஸ்டாக் கார்டுல குறிப்பாங்க. அவங்களுக்கு எது நிறுவனம், யாரு தலைமை? நாங்களா, மிட்வைஃப் சயாமாவா, ஊர்ப் பெரியவர் லூஜியா, தோட்ட முதலாளியா?

ரீ-எய்ம்லயும் ஒரு இடத்துல முட்டி நிக்கிறேன், திட்டம் எத்தனை பேரைச் சேர்ந்துச்சுங்கிற 'ரீச்'. ரப்பர் பால் வெட்டுறவங்க ராத்திரி ரெண்டு மணிக்கே நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டுத் தோட்டத்துக்குள்ள போயிடுவாங்க, கொசு கடிக்கிற நேரத்துல கொசுவலை வீட்டுல தொங்குது ஆளு மரத்தடியில நிக்கிறாரு, விடிஞ்சு பால் எடுத்து எடை போட்டு முடிச்சதும் போய்ப் படுத்துடுவாங்க, அவங்க முழிக்கிற நேரம் அக்கா சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போயிருப்பாங்க. இதுல பாதிப் பேர் சீசனுக்கு வெளியூர்ல இருந்து வர்றவங்க, எந்த லிஸ்ட்லயும் பேரு கிடையாது. அப்ப ரீச் எத்தனை சதவீதம்னு எப்படிக் கணக்குப் போடுறது, கீழ வகுக்க நம்பரே இல்லையே?

இந்த மாதிரி ஊர்ல யாராவது இதைப் பயன்படுத்திப் பாத்திருக்கீங்களா, உருப்படியா ஏதாவது வந்துச்சா, இல்ல சும்மா ப்ரொபோசல் அலங்காரம்தானா? உள்ளதைச் சொல்லுங்க.

பெகு_சயா எழுதியது:

மல்லிம்மா, நான் டவுன்ஷிப் ஹெல்த்ல இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப பெகுவுல பேரப்பிள்ளைங்களோட இருக்கேன், நேரம் நெறைய இருக்கு, அதனால நானும் நீளமாவே எழுதுறேன்.

சிஎஃப்ஐஆரா ரீ-எய்மான்னு உங்க ஆபீஸும் கைடும் இழுத்துக்கிறது தேவையில்லாத சண்டை. ரெண்டும் வேற வேற வேலைக்கு வந்தது. ஸ்வீடன்ல பெர் நில்சன்னு ஒருத்தர் 2015-ல இந்தக் கூட்டத்தையெல்லாம் வகை பிரிச்சுக் குடுத்தார், அதைப் படிச்சா பாதி கொழப்பம் போயிடும். வேலையை எந்த வரிசையில செய்யணும்னு சொல்றது ஒரு வகை, ஏன் நடக்குது ஏன் நடக்கலைன்னு காரணம் தேடுறது ஒரு வகை, நடந்ததை எப்படி அளக்கிறதுன்னு சொல்றது இன்னொரு வகை. சிஎஃப்ஐஆர் காரணம் தேடுறதுக்கு. ரீ-எய்ம் அளக்கிறதுக்கு, 1999-ல கிளாஸ்கோவும் அவர் கூட்டாளிகளும் போட்டது, எத்தனை பேரைச் சேர்ந்துச்சு, பலன் இருந்துச்சா, எத்தனை இடத்துல எடுத்துக்கிட்டாங்க, சொன்னபடி செஞ்சாங்களா, நிலைச்சுச்சா, அவ்வளவுதான். ப்ராக்டர் டீம் 2011-ல போட்ட 8 அவுட்கம் பட்டியலும் இதே அளக்கிற வகைதான். உங்க கேள்வி டெஸ்ட் ஏன் கொறையுதுங்கிறது. அதுக்கு சிஎஃப்ஐஆர். ஏதாவது மாத்தி அமைச்சதுக்கப்புறம் நிலைமை தேறுச்சாங்கிறதுக்கு ரீ-எய்ம். ரெண்டு பேருக்கும் நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டு வேலையப் பாருங்க.

அடுத்தது அந்த 39. 39-ஐயும் கேக்கணும்னு அதை எழுதினவங்களே சொல்லல, பொருந்துறதை எடுத்துக்கோன்னுதான் சொல்றாங்க. சிஎஃப்ஐஆரை மொதல்ல வெளியிட்ட 2009 கட்டுரையை எழுதின டாம்ஷ்ரோடர் அம்மா அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி அமைப்புல வேலை பாத்தவங்க. சம்பளம் நேரத்துக்கு வரும், கட்டடம் இருக்கும், மேனேஜர் இருப்பார், அப்படிப்பட்ட இடத்துல பொறந்த கேள்விங்க அது. வெத்தலைக் கடையில உக்காந்து தலைமை ஈடுபாடு பத்திக் கேட்டா அந்தம்மா உங்களைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க.

நான் செய்றதா இருந்தா ஃப்ரேம்வொர்க்கைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தாளைப் பக்கத்துல பக்கத்துல வைப்பேன், ரிஜிஸ்டரும் ஸ்டாக் கார்டும். ரிஜிஸ்டர்ல டெஸ்ட் கம்மி, கார்டுல கிட் அப்படியே கெடந்து எக்ஸ்பைரி ஆகுதுன்னா ஆளு வரல. ரிஜிஸ்டர்ல கம்மி, கார்டுலயும் பூஜ்யம்னா ஆளு வந்து திரும்பிப் போயிருக்கு. கார்டுல கிட் கொறையுது ஆனா ரிஜிஸ்டர்ல பதிவு இல்லைன்னா டெஸ்ட் போடுறாங்க எழுதல, இல்ல கிட் வேற எங்கயோ போகுது. இந்த மூணுக்கும் காரணம் வேற, தேட வேண்டிய டொமைனும் வேற. மொதல் கதைன்னா வர்ற ஜனங்களோட தேவை, நேரம், அவங்க பொழப்போட இந்த சேவை ஒத்துப்போகுதாங்கிறது. ரெண்டாவதுன்னா கையில என்ன வசதி இருக்கு, சப்ளை யார் கையில இருக்குங்கிறது. மூணாவதுன்னா வேலைச்சுமை, மேற்பார்வை, வாலண்டியருக்கு என்ன கெடைக்குது. ஊருங்களை இப்படி மூணாப் பிரிச்சிட்டு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டோ மூணோ கன்ஸ்ட்ரக்ட் எடுத்தா போதும், மிச்சத்தை ஏன் விட்டோம்னு ஒரு வரி எழுதிடுங்க, ரிவ்யூ பண்றவங்க மதிப்பாங்க.

பேட்டியில கன்ஸ்ட்ரக்ட் பேரே வரக்கூடாது. கடைசியா காய்ச்சலோட வந்த ஆளு யாரு, எத்தனை மணிக்கு வந்தாரு, அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க, டெஸ்ட் போட்டீங்களா, போடலைன்னா ஏன், இப்படி நடந்த சம்பவத்தைக் கேளுங்க. அந்தப் பதில் எந்தக் கட்டத்துல போய் உக்காரும்ங்கிறது நீங்க ஆபீஸ்ல பாக்க வேண்டிய வேலை.

ரீச்சுக்கு வகுக்க நம்பர் இல்லைன்னு சொன்னீங்க. தோட்டத்துல பால் எடை போடுற நோட்டு இருக்குமே? யாரு எத்தனை கிலோ ஊத்தினாங்கன்னு தினமும் எழுதுவாங்க, கூலி அதை வச்சுத்தான. எந்த சென்சஸ்லயும் இல்லாத ஆளு அந்த நோட்டுல இருப்பாரு. பேர் வேண்டாம், இந்த வாரம் எத்தனை பேர் பால் ஊத்தினாங்கங்கிற தலைக்கணக்கு மட்டும் வாங்குங்க. அதுக்கு மேல கேட்டா முதலாளி பதிலுக்கு யாருக்குக் காய்ச்சல்னு உங்ககிட்ட கேப்பாரு, அந்தக் கதவைத் திறந்துடாதீங்க.

பாசிட்டிவே வராம நெகட்டிவ், நெகட்டிவ்னு பாத்துப் பாத்து ஜனங்களுக்கு அந்த வாலண்டியர் மேல இருந்த மதிப்பே போயிடுது, அது இன்னொரு விஷயம். காய்ச்சலோட வர்றவனுக்கு மலேரியா இல்லை போன்னு சொன்னா அவன் அடுத்த தடவ வரமாட்டான், நேரா மருந்துக்கடைக்குத்தான் போவான். 2018-ல பர்மாவுல இருந்தே ஒரு ஆய்வு வந்துச்சு, மலேரியா மட்டும் பாத்த வாலண்டியருங்க கிட்ட மலேரியா கொறைய கொறைய டெஸ்டும் கொறஞ்சுது, வயித்துப்போக்கு, சளி, சாதாரண காய்ச்சலுக்கும் பாக்கச் சொல்லி அடிப்படை சிகிச்சையைச் சேத்ததும் டெஸ்ட் எண்ணிக்கை தூக்கிக்கிச்சு. உங்க ஊருங்கள்ல நடுவுல மலேரியா காணாம போயிருந்த வருஷங்கள்ல அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கலாம், இப்ப மலேரியா திரும்ப வந்திருக்கு, பழக்கம் திரும்ப வரல. இதையும் ஒரு சந்தேகமா வச்சுக்குங்க.

ஸ்டோர்_கீப்பர் எழுதியது:

சயா சொன்னதுல மரியாதை உண்டு, ஆனா நான் ரங்கூன்ல மருந்து ஸ்டோர்ல உக்காந்திருக்கிறவன், எனக்கு வேற மாதிரிதான் தெரியுது. மல்லி தங்கச்சி அலங்காரமான்னு கேட்டீங்க. ஆமா, பெரும்பாலும் அலங்காரம்தான். கிட்டு வரல, வந்தா வண்டி போக வழியில்ல, வழி இருந்தா பெட்ரோல் விலை ஒரு வாரத்துல மாறுது, டாலர் ரேட் ரெண்டு விதமா இருக்கு, எந்த ரேட்ல பட்ஜெட் போடுறதுன்னே தெரியாது, இதுல 2025 ஜனவரியில அமெரிக்கா உதவியை நிறுத்தினப்ப நடுவழியில நின்ன வேலைங்க எத்தனை. இதுக்கெல்லாம் எந்த டொமைன்? வெளிச்சூழல்னு ஒரு பெட்டி போட்டு அதுக்குள்ள மொத்த நாட்டையும் அடைச்சிட்டு, உள்ளே வந்து வாலண்டியருக்கு மோட்டிவேஷன் பத்தலை, ட்ரெயினிங் குடுங்கன்னு முடிக்கிறாங்க. நான் பாத்த ரிப்போர்ட்ல பரிந்துரைன்னு வந்தா நூத்துக்குத் தொண்ணூறு ட்ரெயினிங்தான். ஏன்னா ட்ரெயினிங் குடுக்கத்தான் அவங்க கையில பணம் இருக்கு.

என் மச்சான் மொரீஷியஸ்ல இருக்கான், அவன் அடிக்கடி சொல்ற கதை இது, தேடிப் பாத்தேன், நிஜம்தான். அங்க 1987-ல நோய்த் தடுப்புத் திட்டம் ஆரம்பிச்சப்ப, ரேஷன்ல போடுற எண்ணெய் முக்காவாசி பாமாயிலா இருந்ததை சோயா எண்ணெயா மாத்திட்டாங்க. ஜனங்க சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோல்ல இருந்து 1992-ல 4.7-க்கு வந்துடுச்சு. பிரச்சாரமும் நடந்துச்சுதான், ஆனா அந்தக் கொறைவுல பெரிய பங்கு ஒரு எண்ணெயை மாத்தினதுக்குத்தான். அந்த மாதிரி எதை மாத்தணும்னு யோசிங்கப்பா, கட்டம் போடுறதை விட்டுட்டு.

பெகு_சயா எழுதியது:

ஸ்டோர் தம்பி, கோவம் நியாயமானதுதான், அந்த ட்ரெயினிங் விஷயத்துல நான் உங்க கட்சி. ஆனா மொரீஷியஸ் கதையில மீதியையும் சொல்லணும்ல. அதே அஞ்சு வருஷத்துல, அதே திட்டத்துல, சர்க்கரை நோய் கொறையல, உடம்பு எடை கூடித்தான் போச்சு. எண்ணெய் ஒரு துறைமுகம் வழியா, ஒரு அரசாங்கம் வாங்கி, ஒரே விலையில போட்டது, அதனால மேல ஒரு கையெழுத்துல மாறிடுச்சு. ஜனங்க என்ன சாப்பிடணும் எவ்வளவு நடக்கணும்ங்கிறது கையெழுத்துல மாறல. எது கையெழுத்துல மாறும், எது ஊருக்குள்ள போய் உக்காந்தாதான் மாறும்னு பிரிக்கத்தான் இந்தக் கேள்விங்கள்லாம். உங்க கிட் சப்ளை மொத வகை. ராத்திரி பால் வெட்டுறவனுக்கு எப்ப எங்க டெஸ்ட்ங்கிறது ரெண்டாவது வகை. நாட்டுல கையெழுத்துப் போடவே ஆள் இல்லைங்கிறீங்களா, அது வேற பிரச்சினை, அதுக்கு என்கிட்டயும் மருந்தில்ல.

எல்லையோரம் எழுதியது:

நான் தாய்லாந்து எல்லை ஊர் மேசோட் பக்கத்துல இருந்து எழுதுறேன், தாய்லாந்து பக்கமும் பர்மாவோட கரேன் பக்கமும் மாத்தி மாத்தி வேலை. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஆனா ஸ்டோர் அண்ணன் சொன்ன அந்த அடைக்கிற பெட்டி விஷயம் சும்மா பொலம்பல் இல்ல, ஆராய்ச்சிக்காரங்களே ஒத்துக்கிட்டது. 2020-ல ஒரு ரிவ்யூ வந்துச்சு, வருமானம் கொறஞ்ச நாடுகள்லயும் நடுத்தர வருமான நாடுகள்லயும் சிஎஃப்ஐஆர் பயன்படுத்தின ஸ்டடிங்களை எல்லாம் சேத்துப் பாத்துட்டு, இந்த 5 டொமைன் பத்தாது, சுகாதார அமைப்போட தன்மைன்னு ஆறாவதா ஒண்ணு வேணும்னு எழுதினாங்க. அமைப்பு எப்படிக் கட்டியிருக்கு, டோனர் முன்னுரிமை என்ன, பணம் எங்கிருந்து வருது, இதெல்லாம் அதுல வரும். 2022-ல சிஎஃப்ஐஆரையே புதுப்பிச்சுட்டாங்க, அதுல வெளிச்சூழல் டொமைனுக்குள்ள பெரிய நெருக்கடி சம்பவங்களுக்குன்னே தனியா ஒரு கன்ஸ்ட்ரக்ட் இருக்கு. மல்லி, ப்ரொபோசல்ல 2009 வெர்ஷனைப் போட்டா பழசுன்னு கேள்வி வரும், புதுசைப் போட்டுட்டு அந்த ஆறாவது டொமைனையும் சேத்துக்கோங்க.

எங்க பக்கம் 2014-ல இருந்து கரேன் ஸ்டேட்ல மலேரியா போஸ்ட்னு ஆயிரத்துக்கு மேல வச்சாங்க, ஊர்க்காரங்களே நடத்துறது. மறைஞ்சிருக்கிற கிருமி அதிகமா இருந்த ஊருக்கு மட்டும் எல்லாருக்கும் ஒட்டுமொத்தமா மருந்து. உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் மலேரியா நல்லா அடங்குச்சு, 2018-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. அதுல எனக்குப் பெருசாப் பட்டது மருந்து இல்ல. போஸ்ட்டை எங்க வைக்கிறது, யாரை உக்கார வைக்கிறது, இதையெல்லாம் அந்தந்த ஏரியாவை யாரு கையில வச்சிருக்காங்களோ அவங்களோடயும் ஊர்க்காரங்களோடயும் பேசி முடிவு பண்ணினதுதான். சிஎஃப்ஐஆர் பாஷையில இது உள்சூழலா வெளிச்சூழலான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது, ரோட்டுல செக்போஸ்ட் மாறுற அன்னிக்கு வெளிச்சூழல் உள்ளே வந்துடும்.

இன்னொண்ணு ஃபிடெலிட்டி, அதாவது சொன்னபடியே செஞ்சாங்களாங்கிறது. சீனாவுல இருந்து வந்த 1-3-7 தெரியும்ல, ஒரு நாள்ல கேஸ் சொல்லணும், மூணு நாள்ல போய் விசாரிக்கணும், ஏழு நாள்ல அந்த இடத்துல நடவடிக்கை எடுக்கணும். நம்ம பக்கமும் எலிமினேஷன் ஏரியாவுல இதே கணக்குதான். பேப்பர்ல பாத்தா அழகு. சீசன் தொழிலாளி மூணாவது நாள் அடுத்த தோட்டத்துல இருப்பான், நெட் கட், போன் போகாது. அப்ப அங்க இருக்கிற ஆளு என்ன பண்றாரு, கேஸ் கெடைச்ச அன்னிக்கே, அந்த ஆளு எதுத்தாப்புல உக்காந்திருக்கும்போதே விசாரிச்சு முடிச்சிடுறாரு. இது விதிமீறலா, புத்திசாலித்தனமா? நாள் கணக்கு தாண்டல, ஆனா இடத்துக்குப் போய் விசாரிக்கலைன்னு ஃபிடெலிட்டி மார்க்குல பெயில் போட்டுடலாம். என்ன மாத்தினாங்க, யாரு முடிவு பண்ணினது, எதுக்காக, மாத்தினதுல திட்டத்தோட அடிப்படை அம்சம் கெட்டுச்சா இல்லையான்னு பதிவு பண்ண ஃப்ரேம்னு ஒரு முறை இருக்கு, ஸ்டர்மன் டீம் 2019-ல போட்டது. எனக்கு சிஎஃப்ஐஆரை விட இதுதான் தினசரி வேலைக்கு ஆகுது. ஒவ்வொரு ஊர்லயும் ஆளுங்க சத்தமில்லாம எதையாவது மாத்திக்கிட்டேதான் இருக்காங்க, அதை எழுதி வைக்க ஒரு நோட்டு குடுத்தா நமக்கே பாடம்.

கடைசியா, இது முக்கியம். பேட்டியை போன்ல ரெக்கார்ட் பண்ணி அதே போனோட செக்போஸ்ட் தாண்டாதீங்க. ஊர் பேர், வாலண்டியர் பேர், யாரு கண்ட்ரோல்ங்கிற தகவல் எதுவும் நோட்ஸ்ல இருக்கக்கூடாது, ஊருக்கு நம்பர் போடுங்க, அந்த நம்பர் எந்த ஊருங்கிற தாள் ஒரே ஒரு ஆளுகிட்ட தனியா இருக்கட்டும். டவுன்ஷிப் பேர் நீங்க இங்க எழுதாம விட்டது நல்லது.

பர்மாகாலனி_பொண்ணு எழுதியது:

நான் தமிழ்நாட்டுல இருந்து. அப்பா 64-ல ரங்கூன்ல இருந்து கப்பல் ஏறினவர், அதனால இந்தப் பக்கம் எட்டிப் பாத்துக்கிட்டே இருப்பேன். டிபி திட்டத்துல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், பெரிய தியரி தெரியாது, இங்க நடந்த ஒண்ணை மட்டும் சொல்றேன்.

2022 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஆரம்பிச்சாங்க. டிபின்னு கண்டுபிடிச்சு மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே இறந்து போறவங்க அதிகம், அவங்களை மொத நாளே கண்டுபிடிக்கணும்ங்கிறதுதான் நோக்கம். பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் பண்ற பரிசோதனையெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துல முடியாது. அதனால அஞ்சே அஞ்சு விஷயம். உயரத்துக்கு ஏத்த எடை, கால் வீக்கம், மூச்சு எத்தனை, விரல்ல மாட்டுற மெஷின்ல ஆக்சிஜன், தாங்கிப் பிடிக்காம நிக்க முடியுதா. ஒரு தாள், எங்களை மாதிரி ஆளே பாத்துடலாம், மோசம்னா உடனே அட்மிஷனுக்கு அனுப்பணும். சும்மா சொல்லல, அந்தத் தாள்ல நிக்க முடியுதாங்கிற கேள்வி இருக்கே, அது ஒண்ணுக்கே நான் கை எடுத்துக் கும்பிடுவேன். வீட்டுக்காரங்க நல்லாத்தான் இருக்காருன்னு சொல்வாங்க, எழுந்து நில்லுங்கன்னா சுவத்தைப் பிடிப்பார், அங்கயே விஷயம் முடிஞ்சுது.

இதுல நான் கவனிச்சது, மாசா மாசம் கேக்குற கேள்வி செத்தவங்க எத்தனைன்னு மட்டும் இல்ல. புதுசா வந்தவங்கள்ல எத்தனை பேருக்குத் தாள் போட்டீங்க, மோசம்னு வந்தவங்கள்ல எத்தனை பேர் நிஜமாவே அட்மிட் ஆனாங்க, எத்தனை நாள்ல ஆனாங்க, இப்படி நடுவுல இருக்கிற படி ஒவ்வொண்ணையும் மாவட்டம் மாவட்டமாப் பாப்பாங்க. எந்தப் படியில ஆளு நழுவுறாங்கன்னு பளிச்சுனு தெரிஞ்சிடும். சயா சொன்ன அந்த அளக்கிற வகைன்னா இதுதான்னு நெனைக்கிறேன். ஆனா ஒண்ணு, எங்களுக்கெல்லாம் மாசம் பொறந்தா கவர்ன்மென்ட் சம்பளம். வெத்தலைக் கடை அக்காவுக்கு எத்தனை படி வச்சு எத்தனை தாள் எழுதச் சொல்லுவீங்க? அவங்க கிட்ட ஏற்கனவே எத்தனை ரிஜிஸ்டர் இருக்குன்னு எண்ணிப் பாத்துட்டு, ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணை வைங்க.

மோல்மீன்_மல்லி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, விபிஎன் விட்டு விட்டு வருது அதனால லேட்டு. சயா சொன்ன மாதிரி ரிஜிஸ்டரையும் ஸ்டாக் கார்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன், ஆபீஸ்லயே ரெண்டும் இருக்கு, ரெண்டு வேற வேற டேபிள்ல, யாரும் சேத்துப் பாத்ததில்ல. தோட்ட ஊருங்கள்ல பெரும்பாலும் கிட் கெடக்குது, அதாவது ஆளு வரல. ஆனா மலையடிவாரத்துல இருக்கிற சில ஊர்ல ரெண்டாவது கதை, கார்டுல பூஜ்யம். அதனால ஸ்டோர் அண்ணன், உங்க கோவமும் இதுக்குள்ள இருக்கு, அந்த ஊருங்களை ஆராய்ச்சியில சேக்கவே போறதில்ல, அதுக்கு ஆராய்ச்சி எதுக்கு, கிட் அனுப்புங்கன்னு தனி லெட்டர் எழுதிட்டேன்.

ப்ரொபோசல்ல இப்படிப் போடலாம்னு இருக்கேன், தப்புன்னா சொல்லுங்க. தோட்ட ஊருங்கள்ல மட்டும் பேட்டி, 2022 சிஎஃப்ஐஆர்ல இருந்து சேவை ஜனங்க பொழப்போட ஒத்துப்போகுதா, அவங்க தேவை என்ன, வாலண்டியர் கையில நேரமும் வசதியும் எவ்வளவு, அதோட அந்த ஆறாவது டொமைன்ல இருந்து டோனரும் பணமும். மாத்தப்போறது ஒண்ணே ஒண்ணு, பால் எடை போடுற கொட்டகையில, எடை போடுற நேரத்துல, பால் வெட்டுறவங்கள்லயே ஒருத்தரை டெஸ்ட் போட உக்கார வைக்கிறது. அக்கா கடையும் இருக்கும். ரீ-எய்ம்ல ரீச்சுக்குத் தலைக்கணக்கு எடை நோட்டுல இருந்து. காய்ச்சல் வந்து ஒரு நாளைக்குள்ள டெஸ்ட் ஆனவங்க எத்தனைங்கிறதுதான் முக்கிய அளவு. நோட்டு ஒண்ணு எல்லையோரம் அண்ணன் சொன்ன மாதிரி, என்ன மாத்தினோம்னு எழுத.

ஒரு சந்தேகம் பாக்கி. விவாக்ஸ்ங்கிற திரும்பத் திரும்ப வர்ற மலேரியா வந்தா ப்ரைமாகுயின் மாத்திரை 14 நாள், மூணாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திடுறாங்க, சீசன் ஆளு 14 நாள் ஒரே இடத்துல இருக்கிறதே சந்தேகம். இதையும் இதே ஸ்டடிக்குள்ள கொண்டு வரலாமா?

பெகு_சயா எழுதியது:

வேண்டாம். அது தனி ஸ்டடி, ஜி6பிடி நொதி கொறைவா இருக்கிறவங்களுக்கு ப்ரைமாகுயின் குடுத்தா ரத்த சிவப்பணு உடையலாம், அந்த டெஸ்ட் வசதி இல்லாத இடத்துல இதைப் பேச ஆரம்பிச்சா அந்தப் பிரச்சினையில இருந்து எல்லாத்தையும் பாக்கணும். இப்ப ஒண்ணை முடிங்க. கொட்டகைக்காரரா யாரைப் போடுறதுங்கிறதை முதலாளி தேர்ந்தெடுக்காம பால் வெட்டுறவங்களையே சொல்லச் சொல்லுங்க, அதையும் ப்ரொபோசல்ல எழுதுங்க. 2013-ல டபிள்யூஹெச்ஓவும் சுகாதாரக் கொள்கை ஆராய்ச்சிக்கான அலையன்ஸ் அமைப்பும் சேந்து போட்ட இம்ப்ளிமென்டேஷன் ஆராய்ச்சி நடைமுறைக் கையேடு ஒண்ணு இலவசமாக் கெடைக்கும், சின்னது, கேள்வியில இருந்து ஆரம்பிச்சு முறைக்குப் போகச் சொல்லும், உங்க மேலிடத்துக்கு அதைப் பிரிண்ட் எடுத்துக் குடுங்க.

ஸ்டோர்_கீப்பர் எழுதியது:

அந்த லெட்டர்ல பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரி தேதியும் போட்டீங்களா தங்கச்சி? தோட்ட ஊர்ல கெடக்குற கிட் எக்ஸ்பைரி ஆகுறதுக்குள்ள மலையடிவாரத்துக்கு மாத்திக் குடுக்க முடியும், புதுசு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஊர்வாரியா பாலன்ஸ் அனுப்புங்க, நான் ட்ரான்ஸ்ஃபர் ஃபாரம் எப்படிப் போடுறதுன்னு சொல்றேன். இதுக்கு ஃப்ரேம்வொர்க் பேரு ஏதாவது இருந்தா சயா சொல்லட்டும்.